தானே திரும்பும், தானே தணியும் கார் விளக்குகள்: சில பயனுள்ள குறிப்புகள்

ஷோரூமில் புதுக் கார் காட்டுகிறவர், “ஹெட்லைட் எல்லாம் ஆட்டோமேட்டிக் சார்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு சன்ரூஃபைத் திறந்து காட்டப் போய்விடுவார். அந்த ‘ஆட்டோமேட்டிக்’குக்குள் குறைந்தது நான்கு தனித்தனி வசதிகள் இருக்கின்றன. அவற்றில் எது நம் காரில் இருக்கிறது, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரியாமல் ஓட்டினால் வசதியே வம்பாகிவிடும். காரோடு வரும் கையேட்டைப் பிரித்தே பார்க்காதவர்களுக்காக இந்தக் குறிப்புகள். ஹாலஜன் பல்பு போட்ட பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

1. முதலில் உங்கள் காரில் இருப்பது எது என்று பிரித்துப் பாருங்கள். விளக்கு ஸ்விட்சில் ‘ஆட்டோ’ என்று ஒரு நிலை இருந்தால், அது இருட்டினதும் விளக்கைப் போடும், வெளிச்சம் வந்ததும் அணைக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. ஹை பீமையும் லோ பீமையும் தானே மாற்றிக்கொள்வது இரண்டாவது வசதி. ஸ்டீயரிங் திரும்பும் பக்கம் வெளிச்சத்தையும் திருப்புவது மூன்றாவது. ஹை பீமை அணைக்காமலே, எதிரே வருபவர் இருக்கும் இடத்தை மட்டும் இருட்டாக்கிவிடுவது நான்காவது. முதல் வசதி மட்டுமே உள்ள காரில் உட்கார்ந்துகொண்டு, ‘அதுதான் ஆட்டோவில் கிடக்கிறதே’ என்று திருச்சி வரைக்கும் ஹை பீமிலேயே போகிறவர்கள் நம் நெடுஞ்சாலைகளில் ஏராளம்.

2. டேஷ்போர்டில் நீல நிற விளக்குச் சின்னம் எரிந்தால், அந்த நேரத்தில் ஹை பீம் எரிகிறது. விளக்குச் சின்னத்தோடு ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தும் தெரிந்தால், ஹை பீமைத் தானே மாற்றும் வசதி விழித்திருக்கிறது. எழுத்து மட்டும் இருந்து நீலம் இல்லையென்றால், இப்போதைக்கு லோ பீமே போதும் என்று கார் முடிவு செய்திருக்கிறது. இந்த வசதி ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல்தான் வேலை செய்யும். அந்த வேகம் காருக்குக் கார் மாறும். தெருவிளக்கு வரிசையாக எரியும் ஊருக்குள்ளும் அது லோ பீமிலேயே நிற்கும். ‘வேலையே செய்யவில்லை’ என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடும் முன், ஊர் எல்லையைத் தாண்டிய இருட்டான சாலையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

3. வளைவில் திரும்பும் விளக்கு எப்படித் திரும்புகிறது? ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்திருக்கிறோம், கார் என்ன வேகத்தில் போகிறது, வண்டியின் உடல் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்ற மூன்று தகவல்களும் ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகின்றன. அது விளக்குக் கூட்டுக்குள் இருக்கும் குட்டி மோட்டாரை இயக்கி, ஒளியை அந்தப் பக்கம் நகர்த்துகிறது. அதிகபட்சம் சுமார் 15 டிகிரி. கார் நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பல கார்களில் விளக்கு அசையாது. ஆகவே கார் ஷெட்டில் நின்றபடி சோதித்துவிட்டு, கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

எண்ணம் பழசுதான். 1948-இல் அமெரிக்காவில் வந்த டக்கர் காரில் நடுவே மூன்றாவது விளக்கு ஒன்று இருந்தது. ஸ்டீயரிங் திரும்பினால் அதுவும் திரும்பும். பிரான்சின் சிட்ரோயன் டி.எஸ். 1967-இல் இதைக் கம்பி இழுப்பில் செய்துகாட்டியது. அதன் உள்பக்க விளக்குகள் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து சாலையின் வளைவுக்குள் எட்டிப் பார்க்கும். கணினி எதுவும் கிடையாது. அமெரிக்க விதிகள் அதற்கு இடம் கொடுக்காததால், அங்கே விற்ற டி.எஸ். கார்களில் அந்த விளக்கு இல்லை.

4. வலது பக்கம் இண்டிகேட்டர் போட்டதும் வலது பக்க ஃபாக் லைட் மட்டும் தனியாக எரிகிறதா? அது பழுது இல்லை. மெதுவாகத் திரும்பும்போது சந்து முனையையும் வாசல் ஓரத்தையும் காட்டுவதற்கான மூலை விளக்கு அது. வேகம் கூடினாலோ ஸ்டீயரிங் நேரானாலோ அணைந்துவிடும். இருட்டில் கேட்டுக்குள் வண்டியை விடும்போது படியோரம் படுத்திருக்கும் நாய் தெரிவது இதன் தயவால்தான். பெரிய விலைக் கார்களின் ஜாலங்களைவிட, தினசரிப் பயனில் எனக்கு இந்தச் சாதாரண விளக்கின் மேல்தான் மதிப்பு அதிகம்.

5. மலைப்பாதையில் திரும்பும் விளக்கை நம்பி இறங்காதீர்கள். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, திம்பத்துக்கு 27. இவற்றில் சாலை கிட்டத்தட்ட வந்த திசைக்கே திரும்புகிறது. 15 டிகிரி நகரும் விளக்கு அங்கே என்ன செய்துவிடும்? மெல்லிய, நீண்ட வளைவுக்குத்தான் அது நல்ல துணை. கொண்டை ஊசியில் உங்களுக்கு உதவுவது முன் குறிப்பில் சொன்ன மூலை விளக்கும், ஹாரனும், வளைவுக்கு முன் ஓரிரு முறை டிம் அடித்துக் காட்டுவதும்தான். சாலை குறுகலாக இருந்தால் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். விதியே அப்படித்தான். இறங்கும் வண்டியின் வெளிச்சம் ஏறி வருபவரின் முகத்துக்கு நேராக விழும் என்பதையும் நினைவில் வைத்து, அங்கெல்லாம் கையால் லோ பீமுக்கு மாற்றிவிடுங்கள்.

6. நான்காவது வகைக்கு ‘மேட்ரிக்ஸ்’ என்று பெயர். ஹை பீம் என்பது இதில் ஒரே பெரிய விளக்காக இருக்காது. வரிசையாகப் பல சிறு எல்.இ.டி.கள். ஒவ்வொன்றும் சாலையின் ஒரு துண்டைப் பார்த்துக்கொள்ளும். முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா எதிரே ஒரு வெள்ளை விளக்கையோ முன்னால் ஒரு சிவப்பு விளக்கையோ கண்டதும், அந்தத் துண்டுக்கு உரிய எல்.இ.டி.கள் மட்டும் அணைகின்றன. எதிரே வரும் வண்டி நகர நகர அந்த இருட்டுத் துண்டும் கூடவே நகரும். கல்யாண வீட்டு சீரியல் பல்பு ஓடுவதுபோல. மற்ற இடமெல்லாம் ஹை பீம் வெளிச்சம் அப்படியே இருக்கும். 2013-இல் ஆடி ஏ8 காரில் விளக்குக்கு 25 எல்.இ.டி. என்று வந்தது. சில ஆண்டுகளிலேயே மெர்சிடிஸ், ஒரு விளக்குக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்கண்ணாடிகளை வைத்துச் சாலையில் படமே வரையும் அளவுக்குப் போய்விட்டது. அமெரிக்கா இந்த வகையை 2022 பிப்ரவரியில்தான் அனுமதித்தது. ஹை பீம், லோ பீம் என்ற இரண்டைத் தவிர வேறெதையும் அதுவரை அந்த நாட்டு விதி கணக்கில் எடுக்கவில்லை.

7. கேமராவுக்குத் தெரியாதவை எவை என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலில் இதுவே முக்கியமான குறிப்பு.

கேமரா தேடுவது விளக்குகளை. விளக்கில்லாத சைக்கிள், சாலையோரம் நடப்பவர், மாடு, பின்னால் சிவப்புப் பட்டையே ஒட்டாத கரும்பு டிராக்டர் ஆகியவற்றுக்காக அது ஹை பீமை இறக்காது. ஒரு சில உயர்விலைக் கார்கள் மட்டுமே மனிதரையும் அடையாளம் காணும். நடந்து வருபவருக்கும் கண் கூசும் என்ற நினைப்பு உங்களுக்குத்தான் இருக்க வேண்டும்; காருக்கு இல்லை. 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் புதிதாக வரும் இருசக்கர வாகனங்களில் ஹெட்லைட் எப்போதும் எரிந்தபடியே இருக்கும் என்பதால் அவை கேமராவில் ஓரளவு சிக்கிவிடும். அதற்கு முந்தைய வண்டி மங்கிய விளக்கோடு வந்தால் சிக்காமலும் போகலாம்.

அடுத்தது நான்குவழிச் சாலையில் நடப்பது. நடுவே மீடியனில் அரளி வளர்த்திருப்பது பூவுக்காக மட்டுமில்லை. எதிர்ப்பக்க வெளிச்சத்தை மறைக்கவும்தான். ஆனால் அதே புதர் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டை உங்கள் கேமராவிடமிருந்தும் மறைத்துவிடுகிறது. லாரி ஓட்டுநரோ புதருக்கு மேலே, உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் கார் ‘எதிரே யாரும் இல்லை’ என்று ஹை பீமை ஏற்றும்; அது நேரே அவர் கண்ணில் போய் விழும். எதிர்ப்பக்கத்து லாரி டிம் அடித்தால், ‘நம் கார்தான் பார்த்துக்கொள்கிறதே’ என்று இருக்காமல் ஸ்டீயரிங் பக்கத்து விளக்குத் தண்டைத் தட்டி நீங்களே இறக்கிவிடுங்கள். ஓட்டுநர் கையால் செய்வதற்கு எந்தக் காரும் குறுக்கே நிற்காது.

மேடேறி உச்சியைத் தொடும் இடத்திலும் இதே கதைதான். எதிர்வண்டியின் விளக்கு மேலே தலைகாட்டிய பிறகுதான் கேமரா விழித்துக்கொள்ளும். அந்த ஒன்றிரண்டு விநாடிக்கு எதிரே இருப்பவர் குருடர். மேட்டுக்கு அப்பால் வானம் வெளுத்துத் தெரிந்தாலே கையால் மாற்றிவிடுவது நல்ல ஓட்டுநருக்கு அழகு.

8. ஸ்டீயரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறதா? வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்களே அதிகம். விளக்கின் பார்வையை இறக்குவதற்கான சக்கரம் அது. முன்சீட்டில் மட்டும் ஆள் இருந்தால் 0. எல்லா சீட்டும் நிறைந்தால் 1. ஆட்களோடு டிக்கியும் நிறைந்தால் 2. ஓட்டுநர் மட்டும் இருந்து டிக்கியில் முழு பாரம் என்றால் 3. காருக்குக் கார் சற்று மாறலாம், அளவு ஏறக்குறைய இதுதான்.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் ஹெட்லைட் இருக்கிறது. லோ பீமின் மேல்விளிம்பை வழக்கமாக நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் வைப்பார்கள். அதாவது 10 மீட்டர் போனால் 10 சென்டிமீட்டர் இறங்கும். அப்படியானால் 65 மீட்டரில் அது தரையைத் தொட்டுவிடும். இப்போது குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படுகிறீர்கள். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் அரிசி மூட்டை, தேங்காய், பெட்டிகள். பின்பக்கம் ஒரு நாலைந்து சென்டிமீட்டர் அமுங்குகிறது. முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்துக்கு அது ஏறக்குறைய 1 டிகிரி மூக்குத் தூக்கல். நூற்றுக்கு ஒன்று இறங்கிய ஒளி, இப்போது நூற்றுக்கு முக்கால் ஏறுகிறது. 70 மீட்டர் தள்ளி அதன் விளிம்பு சுமார் 1.17 மீட்டர் உயரத்தில் இருக்கும். எதிரே வரும் சிறிய காரில் ஓட்டுநரின் கண்ணும் கிட்டத்தட்ட அதே உயரத்தில்தான். நீங்கள் லோ பீமில் யோக்கியமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். எதிரே வருபவர் ‘டிம் அடிக்க மாட்டேன் என்கிறானே’ என்று உங்களைத் திட்டிக்கொண்டு போவார். அந்தச் சக்கரத்தை 2-க்குத் திருப்பினால் தீர்ந்தது.

9. அந்தச் சின்னச் சக்கரம் இல்லாத கார்களில் இந்த வேலையைக் காரே செய்துகொள்ளும். 2000 லூமனுக்கு மேல் ஒளி தரும் விளக்கென்றால் உயரத்தைத் தானே சரிசெய்யும் வசதி கட்டாயம் என்பது ஐரோப்பா உள்ளிட்ட பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதி. இதற்காகப் பின்சக்கரத்தின் சஸ்பென்ஷன் அருகே ஒரு சின்ன நெம்புகோலும் சென்சாரும் இருக்கும். சில கார்களில் முன்னாலும் உண்டு. சேற்றிலும் கல்லடியிலும் அது உடைந்தால், காருக்குத் தன் மூக்கு எந்தப் பக்கம் என்றே தெரியாமல் போய்விடும். விளக்கு ஒரேயடியாகத் தரையைப் பார்க்கும் அல்லது மரக்கிளையைப் பார்க்கும். ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் மாற்றினாலும், பெரிய அளவு டயர் போட்டாலும், வொர்க்‌ஷாப்பில் “ஹெட்லைட் லெவல் கேலிப்ரேஷனும் பண்ணிடுங்க” என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் பெரும்பாலும் செய்ய மாட்டார்கள்.

10. வீட்டுச் சுவரிலேயே ஒரு சோதனை. சமதளமான இடம், சரியான காற்றுள்ள டயர், ஓட்டுநர் சீட்டில் ஒருவர். சுவரிலிருந்து விளக்கு சரியாக 5 மீட்டர் தள்ளி இருக்கும்படி காரை நேராக நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கின் மையம் வரை உள்ள உயரத்தை அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அதற்கு 5 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. லோ பீமைப் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு இரண்டாவது கோட்டில் உட்கார வேண்டும். விளக்குக் கூட்டின் மேலோ பானெட்டுக்குள்ளோ 1.0 அல்லது 1.2 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும், 1.2 என்றால் 6 சென்டிமீட்டர் கீழே. விளிம்பின் இடது பகுதி மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், இடதுபக்கம் ஓட்டும் நாடுகளுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். சாலையோரத்தில் நடப்பவரைக் காட்டுவதற்காக வைத்தது. வலது பகுதி ஏறியிருந்தால்தான் சிக்கல். சாதாரண விளக்கென்றால் பின்னாலுள்ள திருகைத் திருப்பி நீங்களே சரிசெய்யலாம். மேட்ரிக்ஸ் விளக்கின் திருகில் கை வைக்காதீர்கள். அது கேமராவோடு கணக்குப் பொருந்தி இருக்க வேண்டும்.

11. துபாயிலிருந்து யாராவது ‘ஒரிஜினல் எல்.இ.டி. ஹெட்லைட், பாதி விலை’ என்று கொண்டுவந்தால் வாங்காதீர்கள். அங்கே சாலையின் வலதுபக்கம் ஓட்டுகிறார்கள். அந்த விளக்கின் ஏற்றம் வலதுபக்கம் இருக்கும். இங்கே மாட்டினால் நேரே எதிர்வண்டிக்காரர் கண்ணில். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும் விளக்குக்கும் இதே கதி. இலங்கைக்கு ஜப்பானிலிருந்து வரும் பழைய கார்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இரு நாடுகளிலும் இடதுபக்கம்தான்.

12. ஹாலஜன் கூட்டில் எல்.இ.டி. பல்பு மாட்டலாமா என்று கேட்காதவர் இல்லை. மாட்டாதீர்கள் என்பதே என் பதில், கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. ஹெச்4 பல்பின் இழை இருக்கும் இடத்தை மையமாக வைத்துத்தான் அதன் பின்னாலுள்ள கிண்ணத்தை வடிவமைத்திருக்கிறார்கள். லோ பீம் இழைக்குக் கீழே ஒரு குட்டித் தகடு இருக்கும். மேலே தெறிக்கும் ஒளியை அதுதான் வெட்டுகிறது. எல்.இ.டி. சில்லு அந்த இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் விலகினாலும் ஒளி நாலாபக்கமும் சிதறும். உங்கள் பம்பருக்கு முன்னால் பளீரென்று வெள்ளையாகத் தெரியும், தூரத்தில் ஒன்றும் தெரியாது. பக்கத்து வெளிச்சத்துக்குக் கண் பழகிவிடுவதால் தூரம் இன்னும் இருட்டாகத் தெரியும்.

100/90 வாட் பல்பும் அப்படியே. விதிப்படியான அளவு 60/55. அதிக வாட் போட்டால் ஹோல்டர் உருகும், ஒயர் கருகும், கிண்ணத்தின் வெள்ளிப்பூச்சு உரியும். ஒரு வருஷத்துக்குள் பழைய பல்பைவிட மங்கலாகிவிடும். தயாரித்தபடி இருக்கும் வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் கட்டுப்படுத்துகிறது.

13. ஹாலஜன் பல்பு மாற்றும்போது கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு சூட்டில் கருகி, அந்த இடத்தில் பல்பு வெடிக்கும். டிஷ்யூவால் பிடியுங்கள். ஒன்று போனால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மற்றதும் மங்கித்தான் இருக்கும்.

14. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைக்கும் இடத்தைக் கொஞ்சம் யோசித்து வையுங்கள். பானெட் மேல் வையுங்கள், நம்பர் பிளேட் ஓரத்தில் வையுங்கள். ஹெட்லைட் மேலும், முன்கண்ணாடியின் மேல்நடுவில் கேமரா இருக்கும் இடத்திலும் வேண்டாம். காய்ந்த சந்தனத்தை மறுநாள் உலர்ந்த துணியால் தேய்த்தெடுக்கும்போது விளக்கின் மேல்பூச்சில் கீறல் விழும். இன்றைய ஹெட்லைட்டுகள் கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். கேமரா முன்னால் குங்குமத் துகள் ஒட்டியிருந்தால், மாலை ஆனதும் ‘கேமரா மறைக்கப்பட்டுள்ளது’ என்று டேஷ்போர்டு கத்த ஆரம்பிக்கும். பூமாலையையும் விளக்கின் மேல் தொங்காதபடி கட்டுங்கள்.

15. ஃபாஸ்டேக் ஒட்டும்போதும் இதே கவனம். டோல்கேட்டில் ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறவர் உள்கண்ணாடிக்குப் பின்னால் கண்ட இடத்தில் ஒட்டிவிடுவார். கேமராவின் பார்வைக்குக் குறுக்கே வராத இடத்தைக் காட்டி ஒட்டச் சொல்லுங்கள். கல் பட்டு முன்கண்ணாடி மாற்றினால், கேமராவைத் திரும்ப அளவுபடுத்த வேண்டும். அந்த வேலையையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

16. மஞ்சளடித்த ஹெட்லைட்டுக்கு டூத் பேஸ்ட் வைத்தியம் உண்மையில் வேலை செய்யும், ஆனால் கொஞ்ச நாளைக்குத்தான். வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் காப்புப் பூச்சை அரித்துவிடுவதால் மஞ்சள் வருகிறது. பேஸ்ட்டோ பாலிஷோ மேல்தோலை உரித்துப் பளபளப்பாக்கும். கூடவே மிச்சமிருந்த காப்பும் போய்விடும், முன்னைவிடச் சீக்கிரம் மஞ்சளாகும். சரியான முறை: முதலில் 1000, பிறகு 2000, 3000 என்று மேலும் மேலும் நைசான எமரித் தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாக் காப்புள்ள தெளிவான பூச்சை அடிப்பது. டீட்டெய்லிங் கடைகளில் இதைச் செய்கிறார்கள். பெட்ரோல், தின்னர், கொசு விரட்டி ஸ்ப்ரே எதையும் விளக்கின் மேல் படவிடாதீர்கள்; பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். நிழலில் நிறுத்துவதே மலிவான மருந்து.

17. இரவுப் பயணம் முடிந்து விளக்கில் பூச்சி அப்பிக்கிடந்தால், சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிஷம் போர்த்திவிட்டுப் பிறகு துடையுங்கள். சுரண்ட வேண்டாம். பிரஷர் வாஷரை விளக்கின் விளிம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகவும் வேண்டாம்.

18. விளக்குக்குள் லேசாக ஆவி படிந்தால் பதற வேண்டாம். காற்று போய்வர அதில் துளை வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஆவி வரும், விளக்கைக் கொஞ்ச நேரம் எரியவிட்டால் போய்விடும். துளித்துளியாகச் சேர்ந்து அடியில் தண்ணீர் நின்றால் அது கசிவு. மோட்டாரும் எலக்ட்ரானிக்ஸும் உள்ளே இருக்கும் விளக்கில் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

19. அடைமழையிலும் பனிமூட்டத்திலும் ஹை பீம் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் எழும். நீர்த்துளிகள் வெளிச்சத்தை உங்களுக்கே திருப்பி அனுப்புகின்றன. ஆட்டோ ஹை பீமை அணைத்துவிட்டு லோ பீமும் ஃபாக் லைட்டும் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையில் கேமராவுக்கும் பார்வை மங்கும். வைப்பர் பிளேடு தேய்ந்திருந்தால் இன்னும் மோசம்.

20. வேகத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 80 கி.மீ. வேகத்தில் கார் விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. எதையோ பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி என்றால், அதற்குள் 33 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் நிற்க இன்னும் 35 மீட்டராவது வேண்டும். மொத்தம் 68. லோ பீமின் விளிம்பு 65 மீட்டரில் தரையைத் தொடுகிறது என்று மேலே பார்த்தோம். அந்த விளிம்பில் கறுப்புச் சட்டைக்காரர் தெரியவே மாட்டார். 60 கி.மீ. வேகத்தில் மொத்தம் 45 மீட்டர் போதும். ஹை பீம் போட முடியாத சாலையில் 60 என்பது அதனால்தான் நியாயமான வேகம்.

21. எதிர்வண்டியின் வெளிச்சம் உங்களைக் கூசச்செய்தால், அந்த விளக்கைப் பார்க்காமல் சாலையின் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். பின்னால் வருபவர் தொல்லை என்றால் உள்கண்ணாடியின் அடியிலுள்ள சின்ன நெம்பைத் தட்டுங்கள். முன்கண்ணாடியின் உள்பக்கத்தை மாதம் ஒருமுறையாவது துடைக்க வேண்டும். டேஷ்போர்டு பிளாஸ்டிக் சூட்டில் விடும் ஆவி அங்கே படலமாகப் படிந்து, ஒவ்வொரு விளக்கையும் சுற்றி வளையம் வளையமாகக் காட்டும். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து துடைத்தால் போதும். துடைத்த பிறகும் வளையம் தெரிந்தால், குறிப்பாக ஐம்பது வயது தாண்டியவர்கள், கண் டாக்டரைப் பாருங்கள். புரை ஆரம்பிக்கும்போது முதலில் தொந்தரவு கொடுப்பதில் இரவு வெளிச்சமும் ஒன்று.

22. செகண்ட்ஹேண்ட் கார் வாங்கும்போது இருட்டிய பிறகு ஒருமுறை போய்ப் பாருங்கள். சுவருக்கு முன் நிறுத்தி ஸ்டார்ட் செய்து லோ பீம் போட்டால், திரும்பும் வசதியுள்ள விளக்குகள் பெரும்பாலும் ஒருமுறை கீழே இறங்கி மேலே ஏறி, பக்கவாட்டில் ஆடி நிலைக்கு வரும். ஒரு பக்கம் ஆடி மறு பக்கம் ஆடாவிட்டால் மோட்டாரோ ஒயரோ போயிருக்கிறது; எலி கடித்ததாகவும் இருக்கலாம். ஒரு விளக்கு புதிதாகவும் மற்றது மங்கியும் இருந்தால், அந்த மூலையில் அடி வாங்கிய காராக இருக்கலாம்.

23. இன்ஷூரன்ஸில் ‘ஜீரோ டிப்ரிசியேஷன்’ சேர்ப்பதா வேண்டாமா என்று யோசிக்கும்போது ஹெட்லைட்டையும் கணக்கில் சேருங்கள். சாதாரண பாலிசியில் கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு இல்லை. பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழித்துக்கொள்வார்கள். ஹெட்லைட் பார்க்கக் கண்ணாடிபோல் இருந்தாலும் பிளாஸ்டிக் கணக்கில்தான் வரும். ஹாலஜன் காருக்கு இது பெரிய இழப்பாகத் தெரியாது. மோட்டார், எல்.இ.டி., கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் சேர்ந்த ஒரே உருப்படியாக வரும் மேட்ரிக்ஸ் விளக்கில் பல்பு மட்டும் தனியாக மாற்ற வழி இருக்காது. வாங்கும் முன்பே ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் ஒரு பக்க விளக்கின் விலையைக் கேட்டுவிடுங்கள்.